'தொடர்பு எல்லைக்கு வெளியே...' அந்தம்மா சொல்வது நிஜமா?

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. ராத்திரி ஒன்பதரை மணி. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆபீஸின் மூன்றாவது மாடி. கீழே ரோடு இல்லை, ஆறு. மேலே நாங்கள் ஒன்பது பேர், ஒரு டப்பா பிஸ்கட், கரண்ட் இல்லை.

என் அம்மா முடிச்சூரில். தனியாக. தரைத் தளம்.

"நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்."

அறுபது தடவைக்கு மேல் போட்டிருப்பேன். அறுபது தடவையும் அதே பெண், அதே குரல், அதே நிதானம். கடைசியில் கோபம் வந்து, "ஏம்மா, எங்கம்மா கோயிலுக்கே போகமாட்டாங்க, எல்லைக்கு எப்படிப் போவாங்க?" என்று அந்த ரெக்கார்டிங்கிடமே கேட்டேன். பக்கத்து ஸீட் நண்பர் என் கையிலிருந்து போனை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, "படுங்க ஸார்" என்றார்.

அந்தம்மா சொன்னது பொய் என்றுதான் பல நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். என் மச்சினன் டவர் மெயின்டனன்ஸில் இருக்கிறான். ஊரில் உள்ள எல்லா டவர் மீதும் ஏறியவன். கல்யாணப் பந்தியில்கூட ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதிர் மாடி ஆன்டெனாவை எண்ணுகிற ஜாதி. அவன்தான் விளக்கினான். அந்தப் பெண் பொய் சொல்லவில்லையாம். ஆனால் முழு உண்மையும் சொல்லவில்லையாம். எப்படி என்பதைப் புரிந்து கொள்ள, உங்கள் பாக்கெட்டில் இருக்கிற சமாசாரத்துக்கும் எதிராளி காதுக்கும் நடுவே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நம் ஆபீஸ் மாதிரிதான் ஸார். கிளார்க், சூப்பரின்டென்டென்ட், மேனேஜர் எல்லாம் உண்டு.

முதலில் ஒரு சந்தேகம் தீரட்டும். 'என் செல்லைப் பார்த்தியா?' என்று வீட்டில் தேடுகிறோமே, அந்தச் செல் உங்கள் பாக்கெட்டில் இல்லை. நீங்கள்தான் செல்லுக்குள் இருக்கிறீர்கள்.

கதை 1946-ல் ஆரம்பம். அந்த வருடம் ஜூன் 17-ம் தேதி அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் காரில் வைத்துப் பேசும் டெலிபோன் வந்தது. எடை 80 பவுண்டு. நகரத்தின் நடுவே ஓர் உயர்ந்த ஆன்டெனா, அது ஊர் முழுக்கக் கத்தும். கத்தலாம், ஆனால் ஒரே சமயத்தில் ஊருக்கே இரண்டு மூன்று பேர்தான் பேச முடியும். மற்றவர்கள் காரில் உட்கார்ந்து நகம் கடிக்க வேண்டியதுதான். முப்பது வருடம் கழித்து, 1976-ல்கூட நியூயார்க் மாதிரி ஒரு மகா நகரத்தில் இப்படி கார் போன் வைத்திருந்தவர்கள் ஐநூற்றுச் சொச்சம் பேர்தான். காத்திருந்தவர்கள் பல ஆயிரம். நம்மூர் டெலிபோன் கனெக்ஷன் க்யூவெல்லாம் அவர்களுக்கு அன்றே உண்டு.

வழியை 1947 டிசம்பரிலேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். பெல் லாபரட்டரியின் டக்ளஸ் ரிங். யோசனை ரொம்பச் சின்னது. ஆடி மாசம் நம்ம ஊரை நினைத்துக் கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரு அம்மன் கோயில், கோயிலுக்குக் கோயில் கூம்பு ஸ்பீக்கர். ஒரே ஒரு கோயில் ஊருக்கே கேட்கிற மாதிரி அலறவிட்டால் மற்ற கோயிலில் ஒரு பாட்டும் கேட்காது. ஒவ்வொரு கோயிலும் தன் தெருவுக்கு மட்டும் கேட்கும்படி வால்யூமைக் குறைத்துக் கொண்டால்? நான்கு தெரு தள்ளி அதே பாட்டை இன்னொரு கோயிலில் தாராளமாகப் போடலாம். ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

அவ்வளவுதான் செல் போன்! ஊரைச் சின்னச் சின்னத் துண்டாக, தேனடையின் அறுகோணம் போல வெட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்ன ஆன்டெனா. பக்கத்துத் துண்டுக்கு வேறு அலைவரிசை. நாலு துண்டு தாண்டினால் பழைய அலைவரிசையை மறுபடி உபயோகப்படுத்து. அந்தத் துண்டுக்குப் பெயர்தான் செல். யோசனை எழுதியது 1947. ஜப்பானில் டோக்கியோவில் கடைக்கு வந்தது 1979. முப்பத்திரண்டு வருடம்! நம்ம ஆபீஸ் ஃபைல் பரவாயில்லை என்று தோன்றுகிறதா?

இந்தியாவில் முதல் செல் பேச்சு 1995 ஜூலை 31-ம் தேதி. கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமோடு பேசினார். அப்போது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். யாராவது நமக்குப் போன் பண்ணினாலும் நாம்தான் அழ வேண்டும். அந்தக் காலத்தில் செல் வைத்திருந்தவர்கள் மணி அடித்ததும் நம்பரைப் பார்த்துவிட்டு, கட் பண்ணி, எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிய காட்சியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்கமிங் இலவசமானது 2003 மே 1-ல்தான். தொழிலாளர் தினத்தில் நமக்குக் கிடைத்த உருப்படியான சலுகை அது ஒன்று.

சரி, டவருக்கு வருவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் என்னை ஒரு மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். "அத்தான், டவர் டவர்னு எல்லாரும் சொல்றீங்களே, டவர் ஒண்ணுமே பண்ணாது. அது வெறும் கம்பம். கொடிக்கம்பம் மாதிரி. கொடியைப் பாருங்க" என்று மேலே காட்டினான்.

ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பலகைகள், மூன்று பக்கம் பார்த்து நின்றன. அவைதான் ஆன்டெனா. ஒவ்வொன்றும் 120 டிகிரிக்குப் பொறுப்பு. மூன்றும் சேர்ந்தால் முழு வட்டம். ஆக ஒரு கம்பத்தில் ஒரு செல் இல்லை, மூன்று. கம்பத்தின் ஒரு பக்க வீட்டுக்காரர் நன்றாகப் பேசுவார், மறு பக்கத்தார் 'ஹலோ ஹலோ' என்று மாடிக்கு ஓடுவார். இரண்டு பேருக்கும் வேறு வேறு செல், வேறு வேறு கூட்டம்.

பலகைக்குப் பக்கத்தில் முறுக்கு டின் சைஸில் ஒரு பெட்டி. அது ரேடியோ. ஆரம்ப காலத்தில் இது கீழே ஏ.ஸி. போட்ட ரூமில் சொகுசாக இருந்தது. அங்கிருந்து மேலே போகிற தடித்த கேபிளில் ஏறுவதற்குள் பாதி சக்தி வீணாகும் என்பதால் பெட்டியையே மேலே ஏற்றிவிட்டார்கள். வெயில், மழை, காக்கா எல்லாவற்றையும் இப்போது அதுதான் வாங்கிக் கட்டிக் கொள்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு வட்டமான, தப்பு மேளம் மாதிரி ஒன்று. அது உங்களோடு பேசாது. அடுத்த டவரோடு பேசும். இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கீழே பாட்டரிகள், 48 வோல்ட். மூலையில் டீசல் ஜெனரேட்டர்.

ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று கம்பெனிகளின் பலகைகள் தொங்கும். கம்பம் ஒருத்தர், பலகை ஒருத்தர், வீடு ஒருத்தர். ஒண்டுக் குடித்தனம்தான். கம்பத்தை வைத்து வாடகை வாங்குவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் இந்தியாவில் இருக்கின்றன.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பத்தாம் கிளாஸ்தான்.

ஜி.எஸ்.எம். என்கிற 2ஜி முறை வந்தபோது இந்தியாவில் ஒரு கம்பெனிக்கு ஆரம்பத்தில் கொடுத்த அலைவரிசை 4.4 மெகாஹெர்ட்ஸ், போக ஒன்று, வர ஒன்று. ஓர் ஓடைக்கு 0.2 வேண்டும். ஆக மொத்தம் 22 ஓடை. நாலு டவர், டவருக்கு மூன்று பலகை, ஆக 12 பலகைக்கு இதைப் பங்கு போட்டால் தலைக்கு ஒண்ணே முக்கால். போனால் போகிறது, இரண்டு என்று வையுங்கள். ஒவ்வோர் ஓடையிலும் எட்டுப் பேர் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். ஓர் ஆளுக்கு ஒரு முறைக்கு 577 மைக்ரோ செகண்ட். அதாவது நீங்கள் 'ஹ' என்று வாயெடுப்பதற்குள் எட்டுப் பேரும் பல ரவுண்டு வந்துவிடுவார்கள். செகண்டுக்கு 217 முறை உங்கள் போன் பேசி, நிறுத்தி, பேசி, நிறுத்துகிறது. பழைய நாளில் ரேடியோ பக்கத்தில் செல்லை வைத்தால் மணி அடிப்பதற்கு முன்னாலேயே ரேடியோ 'டிர்ரிக்... டிர்ரிக்...' என்று துடிக்குமே, அது இந்த 217-ன் சத்தம்தான்.

இரண்டு ஓடை, எட்டு எட்டாகப் பதினாறு இடம். அதில் இரண்டை டவர் தன் சொந்த உபயோகத்துக்கு, அறிவிப்புக்கும் அழைப்புக்கும் வைத்துக்கொள்ளும். மீதி பதினாலு.

பதினாலு பேர்! மூன்று கட்டை, நாலு கட்டை என்று சிக்னல் நிமிர்ந்து நின்றாலும் அந்தப் பக்கம் ஒரே சமயத்தில் பேசக்கூடியவர்கள் பதினாலே பேர்தான். பதினைந்தாவது ஆளுக்கு 'நெட்வொர்க் பிஸி'. கட்டை காட்டுவது டவர் சொல்வது உங்களுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான். நீங்கள் சொல்வது டவருக்குக் கேட்கிறதா, உட்கார இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. தியேட்டர் வாசலில் லைட் எரிகிறது என்றால் டிக்கெட் இருக்கிறது என்று அர்த்தமா?

பதினாலு இடத்தை நம்பி எத்தனை பேருக்குக் கனெக்ஷன் கொடுக்கலாம்? இதற்கு ஃபார்முலா கண்டுபிடித்தவர் டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங். வருடம் 1917. செல் போனைக் கனவில்கூடப் பார்க்காத மனிதர். நூறு பேரில் இரண்டு பேருக்கு 'பிஸி' வந்தால் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டால், பதினாலு இடத்தில் சராசரியாக 8.2 இடம்தான் நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது ஃபார்முலா. மும்முரமான ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு ஒன்றரை நிமிடம் பேசினால், 328 பேர். அவ்வளவுதான் ஒரு பலகையின் தைரியம். மூன்று பலகைக்குச் சுமார் ஆயிரம்.

இந்த ஆயிரம் பேரும் ஒன்றரை நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், அதுவும் ஒரே நேரத்தில் போனை எடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. புத்தாண்டு ராத்திரி 12 மணிக்கு அந்த நம்பிக்கை உடையும். வெள்ளத்தன்றும் உடையும்.

இனி, ஆபீஸ் கதை.

டவரடியில் இருக்கிற பெட்டிதான் கிளார்க். பி.டி.எஸ். என்று பெயர். உங்கள் குரலை வாங்குவார், மேலே அனுப்புவார். சொந்தமாக ஒரு முடிவும் எடுக்க மாட்டார். எடுக்கவும் விடமாட்டார்கள். ஐம்பது, நூறு கிளார்க்குகளுக்கு மேலே ஒரு சூப்பரின்டென்டென்ட். பி.எஸ்.ஸி. ஸயன்ஸ் டிகிரி இல்லை ஸார், பேஸ் ஸ்டேஷன் கன்ட்ரோலர். யாருக்கு எந்த ஓடை, யார் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும், ஓடுகிற ரயிலில் இருக்கிறவரை எந்த டவர் கையில் ஒப்படைப்பது எல்லாம் இவர் பொறுப்பு. அவருக்கும் மேலே மேனேஜர், எம்.எஸ்.ஸி. என்கிற ஸ்விட்ச். யார் யாரோடு பேசுகிறார், பில் யார் தலையில் என்பது அவர் கவலை. இதில் கிளார்க்கும் சூப்பரின்டென்டென்ட்டும் சேர்ந்ததுதான் ரேடியோ நெட்வொர்க். மேனேஜர் தனி இலாகா.

தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு மின்சார ரயிலில் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு நீங்கள் பேசிக்கொண்டே போகிறீர்கள். குரோம்பேட்டையில் ஒரு டவர், பல்லாவரத்தில் ஒரு டவர். பேச்சு அறுவதில்லை. எப்படி? நீங்கள் மனைவியிடம் 'மீட்டிங்ல இருக்கேன்' என்று புளுகும்போது உங்கள் போன் கமுக்கமாக அக்கம்பக்கத்து டவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நன்றாகக் கேட்கிற ஆறு டவரைக் குறித்து, அரை செகண்டுக்கு ஒரு முறை சூப்பரின்டென்டென்ட்டுக்கு ஸ்டேட்மென்ட் அனுப்புகிறது. நாம் மாசம் ஒரு ஸ்டேட்மென்டுக்கு எவ்வளவு அலுத்துக் கொள்கிறோம்! அதைப் பார்த்துவிட்டு அவர் ஒரு கட்டத்தில் 'தாவு' என்பார். போன் தாவும். 2ஜி-யில் இந்தத் தாவல் நிஜமாகவே தாவல்தான். ஒரு பஸ்ஸை விட்டு இன்னொரு பஸ்ஸைப் பிடிப்பது போல. 3ஜி-யில் ஒரு காலை இந்தப் படியிலும் ஒரு காலை அந்தப் படியிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போக முடியும்.

3ஜி-யில் வேறு பெரிய மாற்றம் இல்லை. கிளார்க்குக்கு நோட்-பி, சூப்பரின்டென்டென்ட்டுக்கு ஆர்.என்.ஸி. என்று போர்டை மாற்றினார்கள். சம்பளம் அதே.

4ஜி-யில்தான் புரட்சி. சூப்பரின்டென்டென்ட் போஸ்டையே அபாலிஷ் பண்ணிவிட்டார்கள்! "ஃபைல் எதற்கு மூன்று மேஜை தாண்ட வேண்டும்? லேட்டாகிறது" என்று சொல்லி அவர் வேலை முழுவதையும் கிளார்க் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஓடை ஒதுக்குவது, தாவச் சொல்வது எல்லாம் இனி டவரே. அடுத்த டவரோடு நேரடியாகப் பேசி 'இந்த ஆளை அனுப்புகிறேன், பிடிச்சுக்கோ' என்று முடித்துக்கொள்ளும். 2009 கடைசியில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் ஆரம்பித்து, 2012-ல் கல்கத்தாவுக்கு வந்தது.

நீங்கள் நினைப்பது சரி. அபாலிஷ் பண்ணிய போஸ்ட் எந்த ஆபீஸில் அப்படியே போயிருக்கிறது? 5ஜி-யில் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது. இப்போது கிளார்க்கையே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். கம்பத்து மேலே ரேடியோ. கீழேயோ பக்கத்துத் தெருவிலோ அவசரக் கணக்கெல்லாம் போடுகிற ஒரு பெட்டி. ஊருக்குள் எங்கோ ஒரு ரூமில், பல டவருக்குச் சேர்த்து நிதானமாக முடிவெடுக்கிற ஒரு கம்ப்யூட்டர். கடைசியாகச் சொன்னவர் யார் என்று அடையாளம் தெரிகிறதா? பழைய சூப்பரின்டென்டென்ட்தான், ரிடயர் ஆகி கன்சல்டன்டாக வந்திருக்கிறார்.

இதில் ஒரு சங்கடம் ரொம்ப நாளாக உண்டு. மேலே இருக்கிற ரேடியோவும் கீழே இருக்கிற கணக்குப் பெட்டியும் ஒரே கம்பெனியில்தான் வாங்க வேண்டும். மிக்ஸி மாதிரி. ஜார் உடைந்தால் அதே பிராண்டு ஜார்தான் பொருந்தும், சொன்ன விலைதான். எந்த ஜாரும் எந்த மிக்ஸியிலும் உட்கார வேண்டும் என்று 2018-ல் பல நாட்டு செல் கம்பெனிகள் கூடி ஓ-ரான் என்று ஒரு கூட்டணி அமைத்தார்கள். கொஞ்சம் உட்காருகிறது, கொஞ்சம் ஆடுகிறது. என்னைக் கேட்டால், நமக்கு அதைவிடப் பெரிய விஷயம் பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி. லேட்டோ லேட். ஆனால் ரேடியோ பெங்களூர் தேஜஸ், உள்ளே இருக்கிற மேனேஜர் சி-டாட், கோத்துக் கொடுத்தது டி.ஸி.எஸ். 2025 செப்டம்பர் 27-ல் 90,000-த்துக்கும் மேற்பட்ட டவர்களோடு முறைப்படி தொடங்கி வைத்தார்கள். இப்படி முழு வரிசையையும் சொந்தமாகச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேலி பண்ணுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பண்ணலாம்.

இப்போது அந்தம்மாவிடம் திரும்ப வருவோம்.

நீங்கள் சும்மா பாக்கெட்டில் போனை வைத்திருக்கும்போது எந்த டவருக்குக் கீழே இருக்கிறீர்கள் என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது. ஆச்சரியமாக இல்லை? டவருக்கு டவர் அட்டென்டன்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் பாட்டரி மதியத்துக்குள் காலி. அதனால் பல டவர்களைச் சேர்த்து ஒரு வட்டாரம் என்று வைத்திருக்கிறார்கள். வட்டாரம் மாறினால் மட்டும் போன் 'உள்ளேன் ஐயா' சொல்லும். யாராவது உங்களைக் கூப்பிட்டால் வட்டாரத்தில் உள்ள எல்லா டவரும் ஒரே சமயத்தில் உங்களை ஏலம் போடும். ஜெனரல் ஆஸ்பத்திரியில் மைக்கில் 'முனியம்மாவோட வந்தவங்க யாரு' என்று கூப்பிடுவார்களே, அதே. உங்கள் போன் கேட்டுவிட்டு, 'இங்கே' என்று கையைத் தூக்கும்.

கை தூக்கவில்லை என்றால்? அப்போதுதான் அந்தம்மா: 'தொடர்பு எல்லைக்கு வெளியே.'

நீங்களே முறையாகப் பட்டனை அழுத்தி ஆஃப் செய்தால், போன் கண்ணை மூடுவதற்கு முன் 'போய்ட்டு வரேன்' என்று ஒரு தகவல் கொடுத்துவிட்டுப் போகும். அதற்குப் பெரும்பாலும் 'ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது' என்று வேறு பாட்டு. பாட்டரியைத் திடீரென்று பிடுங்கினால் சொல்லிக்கொள்ள நேரமில்லை, எல்லைக்கு வெளியே. ஒரு காலத்தில் மேனேஜரிடமிருந்து தப்பிக்க விரும்பியவர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள். ஆஃப் பண்ணினால் 'வேண்டும்னே ஆஃப் பண்ணிட்டான்'. பாட்டரியைப் பிடுங்கினால் 'பாவம், டவர் இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டான்'! இப்போது வருகிற போன்களில் பாட்டரியைக் கழற்ற முடியாது. உழைக்கும் வர்க்கத்துக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதி.

ஆக, அந்தம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கூப்பிட்டேன், பதில் இல்லை. எல்லைக்கு வெளியே போனது போனா, அல்லது எல்லையே எழுந்து போய்விட்டதா, அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 1 ராத்திரி நடந்தது இரண்டாவது. மச்சினன் சொன்னான்:

"கரண்ட் போச்சு அத்தான். தண்ணிக்குள்ள லைன் இருந்தா ஆள் செத்துருவான்னு கட் பண்ணிட்டாங்க, அது சரிதான். பாட்டரிக்கு மாறுச்சு. நல்ல பாட்டரின்னா ஆறு மணி நேரம், வயசான பாட்டரின்னா ரெண்டு. அப்புறம் ஜெனரேட்டர். அது எங்க இருக்கு? தரையில. கழுத்தளவு தண்ணியில ஜெனரேட்டர் ஓடுமா? ஓடின எடத்துல டீசல் தீந்துது. பங்க் மூடியாச்சு. நானும் இன்னொருத்தனும் கேனைத் தலைல வச்சுக்கிட்டு நடந்தோம். ரெண்டு டவர்தான் போய்ச் சேர முடிஞ்சுது."

"மத்ததெல்லாம்?"

"சிலது மேல இருந்துச்சு, கரண்டும் இருந்துச்சு. ஆனா அந்த மேளம் காட்டினேனே? அது பேசற அடுத்த டவர் செத்துருச்சு. ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு சங்கிலி அத்தான். நடுவுல ஒருத்தன் கையை விட்டான்னா, பின்னாடி இருக்கற அஞ்சு பேரும் உயிரோட இருந்தும் அனாதை."

மிச்சம் இருந்த டவர்களில் மொத்த ஜனமும் முட்டியது. பதினாலு இடம் கணக்குப் போட்டோமே, அங்கே. அறுபது தடவை ரீடயல் பண்ணிய நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் டவர் வைத்திருக்கும் அந்தக் கொஞ்சூண்டு அறிவிப்பு இடத்தில் நானும் முட்டியிருக்கிறேன். "ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? அதுக்குப் பேச்சு இடம் வேண்டாம், சந்துல போயிரும். லைன் வந்ததும் தானா போய்ச் சேர்ந்திருக்கும்" என்றான். அன்றைக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்றும் சொன்னான். போனில் உங்கள் கம்பெனி பெயர் போய் 'எமர்ஜென்ஸி கால்ஸ் ஒன்லி' என்று வந்தால், உங்கள் டவர் செத்தது, ஆனால் வேறு கம்பெனி டவர் ஒன்று உயிரோடு உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 112 போட்டால் அது எடுத்துக்கொள்ளும். சமீப வருடங்களில் புயல் வந்த இடங்களில், எந்த டவர் நிற்கிறதோ அதை எல்லாக் கம்பெனி வாடிக்கையாளர்களுக்கும் தற்காலிகமாகத் திறந்துவிடச் சொல்கிறார்கள். 2023-ல் ஒரு நாள் எல்லார் போனும் ஒரே சமயத்தில் சங்கு ஊதி நம்மைப் பதற வைத்ததே, அந்த ஒத்திகையும் இந்த வகைதான். நம்பர் நம்பராகக் கூப்பிடாமல் டவர் தன் கீழே இருக்கிற அத்தனை போனிலும் ஒரேயடியாகத் தண்டோரா போடும். பதினாலு, பதினைந்து என்ற கணக்கு அதற்குக் கிடையாது. நல்ல ஏற்பாடு. ஆனால் தண்டோரா போடவும் டவர் நிற்க வேண்டும், பாட்டரி இருக்க வேண்டும், ஜெனரேட்டர் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். மாடியில் மேடை கட்டி ஏற்றி வைத்த இடங்களும் உண்டு, இன்னும் தரையிலேயே இருக்கிற இடங்களும் உண்டு என்கிறான் மச்சினன்.

அதோடு, தெருவில் டவரே வேண்டாம் என்று போர்டு பிடிக்கிற அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டவர் தூரமாகப் போகப் போக, எட்டிக் கேட்க வேண்டுமே என்று உங்கள் காதோரம் இருக்கிற போன்தான் அதிகமாகக் கத்துகிறது. டவர் பக்கத்தில் இருந்தால் கிசுகிசுத்தால் போதும். பாட்டரியும் நிற்கும். டவர் எவ்வளவு கதிர் விடலாம் என்பதை 2012 செப்டம்பரில் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காக இந்தியா குறைத்தது. பயப்படுவதென்றால் சரியான பொருளைப் பார்த்துப் பயப்படலாம்.

மூன்றாம் தேதி காலையில் ரோட்டில் தண்ணீர் இறங்கியது. பாதி வழி லாரி, மீதி வழி நடை. போகப் போக மனசுக்குள் என்னென்னவோ. முடிச்சூர் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டுக் கதவில் ஜன்னல் மட்டத்துக்குச் சேற்றுக் கோடு. உள்ளே யாரும் இல்லை. கை கால் உதறலோடு மாடிப்படி ஏறினேன்.

எதிர் வீட்டு மொட்டை மாடியில் அம்மா. தார்ப்பாய்க்குக் கீழே ஸ்டவ், எட்டுக் குடும்பத்துக்கு ரசம். கழுத்தில் மஞ்சள் பையில் சுற்றிய செல்.

"ரெண்டு நாளா எத்தனை தடவை போட்டேன் தெரியுமாம்மா?" என்றேன். குரல் வரவில்லை.

"நான் ஆஃப் பண்ணி வச்சுட்டேன்டா. டவர் இல்லாட்டி அது தேடித் தேடியே பாட்டரியைத் தின்னுடும்னு உன் மச்சினன் போன தீபாவளிக்குச் சொன்னான். காலைல ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம், சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் மட்டும் போட்டுப் பார்ப்பேன்." பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். பாட்டரி மூன்று கோடு அப்படியே இருந்தது. "நேத்து சாயங்காலம் ஒரு தடவை லைன் கிடைச்சுது. உடனே உனக்குத்தான் போட்டேன்."

நேற்று சாயங்காலம் எங்கள் நுங்கம்பாக்கத்து டவரும் படுத்துவிட்டிருந்தது.

"அந்தப் பொண்ணு சொல்றா, நீ எல்லைக்கு வெளியே இருக்கியாம். இத்தனை மழையில வீட்ல, ஆபீஸ்ல இருக்காம எங்கேடா ஊர் சுத்தப் போனே?" என்று கேட்டார் அம்மா, கரண்டியை ஆட்டிக்கொண்டே.